சாப்பாட்டுக்கடைக் குசினியில் எறும்பு: ஸ்பிறேயா, சீனித்தண்ணிப் பொறியா, மாத ஒப்பந்தமா?

யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக்கடை, பேக்கரி, கூல் பார் நடத்துகிறவர்கள் எறும்பைக் கண்டதும் முதலில் எடுப்பது ஸ்பிறே ரின்னைத்தான். அடித்த உடனே வரிசை செத்து விழும். கூட்டி அள்ளிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். மூன்று நாளில் அதே வரிசை திரும்ப ஓடும், பல வேளைகளில் பக்கத்துச் சுவரிலும் புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். பிறகு சோக், அதற்குப் பிறகு பவுடர், கடைசியில் ஒரு கொம்பனிக்கு மாதக் காசு. இவை எல்லாவற்றுக்கும் செலவழித்தும் சீனிப் பேணிக்குள் எறும்பு மிதக்கிறது என்றால், மருந்தின் வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது இரை தேடி வெளியே வந்த கொஞ்ச எறும்பு மட்டுமே. முட்டையிடும் ராணியும், புழுக்களும், அவற்றைப் பார்க்கும் பெருங்கூட்டமும் சுவருக்குள்ளோ நிலத்துக்கடியிலோ இருக்கின்றன. வெளியே வந்தவை செத்தால் ராணி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். அது கூட்டுக்குள் ராணி வரை போகிறதா? சாப்பாட்டில் விழ வழி இருக்கிறதா? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறோம். விலை அதற்குப் பிறகுதான்.

முதலில் எந்த எறும்பு என்று பாருங்கள்

ஒரு வெள்ளைக் கடதாசியில் நாலைந்தைத் தட்டி விழுத்தி, கைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மருந்து வாங்குவதால்தான் பாதிக் காசு வீணாகிறது.

தலை கறுப்பு, வயிறும் கால்களும் வெளிறல், அளவு ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் என்றால் அது கோஸ்ட் ஆன்ட் எனப்படும் இனம். வெள்ளைத் தைலில் ஓடும்போது கறுத்த புள்ளி மட்டும் நகர்வது போலத் தெரியும். விரலால் நசித்து மணந்தால் பழுதான தேங்காய் மணம் வரும். சீனி, பாணி, ரின்பால் என்றால் விடாது. இதற்குக் கூடு வைக்கப் பெரிய இடமும் தேவையில்லை. சுவிட்ச் பெட்டியின் பின்பக்கம், தைல் வெடிப்பு, சிங்க் விளிம்பு, பிறிட்ஜ் கதவு றபரின் மடிப்பு என்று ஈரம் உள்ள எந்தக் கீறலும் போதும். ஒரே கூட்டத்துக்குப் பல ராணிகளும் பல கூடுகளும் இருக்கும்.

மஞ்சளும் பழுப்புமாக, 2 மில்லிமீற்றர் அளவில், மெதுவாக ஒழுங்கான வரிசையில் போவது பரோ எறும்பு. இதுவும் பல ராணிகளோடு கட்டடத்துக்குள்ளேயே குடியிருக்கும். இனிப்போடு இறைச்சி, முட்டை, எண்ணெய், ரின்மீன் எல்லாவற்றையும் தேடும். வெளிநாட்டு வைத்தியசாலைகளில் இந்த எறும்பின் உடம்பிலிருந்து சல்மனெல்லா, ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் பிரித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கழிவு வாளியில் நடந்த கால்களோடு கறிச்சட்டி விளிம்பிலும் நடக்கும் என்பதால், குசினியில் இதைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது.

கறுப்பாக, கால் நீண்டு, திக்குத் திசையில்லாமல் விறுவிறுவென்று ஓடுவது இன்னொரு வகை. கடிக்காது என்பதால் பிள்ளையார் எறும்பு என்று பலரும் அதன்பாட்டில் விட்டுவிடுவார்கள். இதன் கூடு பெரும்பாலும் வெளியில், பூச்சட்டிக்குக் கீழோ, கல் குவியலிலோ, கோடியில் கிடக்கும் பழைய பலகைகளுக்கிடையிலோ இருக்கும். சிவத்து, குத்தினால் நெருப்பாக எரிவதும் வெளியில் கூடு வைப்பதுதான். மணல் நிலத்திலும் முற்றத்துச் சீமெந்து வெடிப்பிலும் மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும். அதற்கு எண்ணெயும் இறைச்சியும் விதையும் வேண்டும்.

கூட்டுக்கு வழி உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று வரிசையைப் பின்தொடர்ந்து பாருங்கள். கடை பூட்டிய பிறகு, இரவு ஒன்பது பத்து மணிக்கு, ரோர்ச் அடித்துப் பார்த்தால் இலகுவில் பிடிபடும். தின்ன வருகிற எறும்பைப் பார்க்காமல், வயிறு நிறைந்து திரும்பிப் போகிறதைப் பின்தொடர வேண்டும். அது நேரே வீட்டுக்குத்தான் போகும்.

ஸ்பிறே, சோக், பவுடர்

கடையில் கிடைக்கும் ஸ்பிறே ரின்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ரொயிட் வகை மருந்து. பட்ட எறும்பை உடனே கொல்லும், பட்ட இடத்துக்கு மற்ற எறும்புகள் வராமல் விரட்டும். இந்த இரண்டும் நல்ல குணம் போலத் தெரிந்தாலும், குசினி எறும்புக்கு இரண்டுமே கெடுதல். உடனே செத்தால் கூட்டுக்கு எதுவும் போய்ச் சேராது. விரட்டினால் கோஸ்ட் ஆன்ட்டும் பரோ எறும்பும் கூட்டைப் பிரித்துக்கொள்ளும். ஆபத்து என்று கண்டதும் ஒரு ராணி, கொஞ்சம் புழு, கொஞ்சம் வேலைக்காரிகள் என்று ஒரு குழு பிரிந்து போய் அடுத்த அறையில் புதுக்கூடு வைக்கும். ஒரு வரிசைக்கு அடித்த இடத்தில் மூன்று வரிசை வருவது இதனால்தான். மருந்து பழுதென்று நினைத்து இன்னும் கூட அடிப்பார்கள், அது இன்னும் கூடப் பிரியும்.

சாப்பாட்டுப் பக்கம் இதைவிட மோசம். ரொட்டித் தட்டுக்குப் பக்கத்துச் சுவருக்கு அடித்த ஸ்பிறேயின் துளி காற்றாடிக் காற்றில் தட்டிலும் வந்து படியும். வடை, றோல்ஸ் வைக்கும் கண்ணாடி அலுமாரிக்குள் அடிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

எறும்புச் சோக்கும் பவுடரும் இதே வகை மருந்தைக் காய்ந்த வடிவில் தருபவை. சோக் கோடு ஒரு நாள் நிற்கும், பிறகு துணி பட்டோ கை பட்டோ தூளாகி மேசைக்கு வரும். பள்ளிக்கூடச் சோக்கைப் போலவே இருப்பதால் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள் என்பது தனி ஆபத்து. பெயரோ பதிவு இலக்கமோ இல்லாமல் வரும் சோக்கில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பவுடரைச் சுவரோரம் தூவினால் தும்புத்தடி பட்ட உடனே எழும்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் வாங்கின தோட்ட மருந்து வீட்டில் மிஞ்சியிருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுவந்து மூலைகளில் ஊற்றுவது நடக்கிறது. தோட்டத்து மருந்தின் வீரியமும் அது தங்கும் காலமும் வயலுக்கு என்று கணக்கிடப்பட்டவை. சமைக்கும் இடத்தில் அது நேரடி நஞ்சு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட மருந்தையும் லேபலில் சொன்ன பாவனைக்குத்தான் எடுக்கலாம்.

அப்படியானால் ஸ்பிறேக்கு இடமே இல்லையா? வெளிச்சுவரின் அடிப்பக்கம், முற்றத்துச் சிவத்த எறும்புக் கூடு, குப்பைத்தொட்டி நிற்கும் இடம், இவைகளில் அடிக்கலாம். அங்கும் பொறி வைத்த இடத்திலிருந்து தள்ளி அடிக்க வேண்டும்.

போரிக் சீனித்தண்ணி: மெதுவாகக் கொல்வதே இதன் பலம்

உள்ளே குடியிருக்கும் எறும்புக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். வளர்ந்த எறும்பு திரவத்தைத்தான் விழுங்கும். வயிற்றுப் பையில் கொண்டுபோய் மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் வாய்க்கு வாய் ஊட்டும். ஆகவே ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொல்லும் மருந்தை இனிப்பில் கலந்து கொடுத்தால், எறும்பே அதைச் சுமந்துபோய் ராணிக்குக் கொடுத்துவிடும்.

அளவு இதுதான்: கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணி 500 மில்லிலீற்றர், சீனி 50 கிராம், போரிக் அசிட் பவுடர் 5 கிராம். முதலில் போரிக்கைத் தண்ணியில் போட்டுத் தெளியும் வரை கலக்குங்கள், பிறகு சீனி. போரிக் பவுடரை மருந்துக்கடையில் வாங்குங்கள். கரம் போர்ட்டுக்கு விற்கும் பவுடர் எல்லாமே போரிக் என்று எண்ணக் கூடாது, பைக்கற்றில் எழுதியிருந்தால் மட்டும் எடுக்கலாம். வெண்காரம்தான் கையில் இருக்கிறதென்றால் அதே 500 மில்லிலீற்றருக்கு 7.5 கிராம் போட வேண்டும், ஏனென்றால் அதில் போரன் குறைவு. கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிற்றல் தராசில் நிறுங்கள்.

ஒரு வீதத்துக்கு மேல் போனால் என்ன? பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். மருந்து கூடினால் நல்லது என்று ஐந்து பத்து வீதம் போட்டால், ஒன்று எறும்பு மணந்து பார்த்துவிட்டு விலகும், இல்லையென்றால் குடித்தது கூட்டுக்குப் போகுமுன் வழியில் சாகும். பொறியைச் சுற்றிச் செத்த எறும்பு குவிந்திருந்தால் கலவை கடுமை என்று அர்த்தம், இன்னும் தண்ணியும் சீனியும் சேர்த்து இளக்குங்கள்.

கலவையில் நாலைந்து சொட்டு நீல உணவுக் கலரிங் விடுங்கள். குசினியில் நிறமில்லாத இனிப்புத் தண்ணி போத்தலில் நின்றால் யாரோ ஒருவர் அதைச் சீனிப்பாணி என்று எடுத்துவிடுவார். நீலத்தை எவரும் தேத்தண்ணிக்கு ஊற்ற மாட்டார்கள். போத்தலில் பெரிதாக ‘எறும்பு மருந்து’ என்று எழுதி, சாமான் அறைக்கு வெளியே பூட்டி வைக்க வேண்டும். உப்பையும் அப்பச்சோடாவையும் போலத் தோற்றமளிக்கும் பவுடர் மிச்சத்துக்கும் இதே விதி. சமையல் பாத்திரத்திலோ கரண்டியிலோ கலக்க வேண்டாம், இதற்கென்று ஒரு சாடியும் குச்சியும் ஒதுக்குங்கள்.

பொறிக்கு மூடியுள்ள வெறும் யோகட் கோப்பை போதும். விளிம்புக்குக் கீழே சூடாக்கிய ஆணியால் 3 மில்லிமீற்றர் அளவில் நாலு துளை போட்டு, உள்ளே பஞ்சு உருண்டை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் கலவை விடுங்கள். ததும்ப விட்டால் எறும்பு மூழ்கும், மிச்சம் ஒழுகும். ஓடும் வரிசை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு கோப்பை, வரிசையை ஒட்டி, சமைக்கும் மேடைக்கு வெளியே: சிங்குக்குக் கீழ், பிறிட்ஜுக்குப் பின், காஸ் சிலிண்டர் நிற்கும் மூலை, சாமான் அறை வாசல். வெட்டும் மேசையிலோ அடுப்புக்கு மேல் தட்டிலோ வைக்கக் கூடாது.

வைக்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்தால் நல்லது. ஒரு கடதாசித் துண்டில் ஒரு சொட்டுச் சீனித்தண்ணி, ஒரு துளி தேங்காயெண்ணெய், ஒரு கிள்ளு ரின்மீன் வைத்து, ஒரு மணித்தியாலத்தில் எதில் கூட்டம் என்று பாருங்கள். இனிப்பை விட்டு எண்ணெயிலும் மீனிலும் மொய்த்தால் சீனித்தண்ணி பயன்படாது. அதற்குக் கச்சானை வழுவழுப்பாக அரைத்து, 50 கிராமுக்கு 1 கிராம் போரிக்கைக் கட்டியில்லாமல் குழைத்து வைக்கலாம். போரிக் எண்ணெயில் கரையாது என்பதால் நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். திண்ம உணவைப் புழுக்கள்தான் சமிக்கும், ஆகவே இது புழுக்களின் வழியாகக் கூட்டை அடிக்கும், நேரமும் கூட எடுக்கும்.

முதல் நாள் எறும்பு கூடும். ஒரு கோப்பையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மொய்ப்பதைக் கண்டு முதலாளி பயந்து ஸ்பிறே எடுப்பார், அந்த ஒரு அடியோடு முழு வேலையும் கெடும். அப்படி மொய்ப்பது வெற்றியின் அடையாளம், தொடாமல் விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வரிசை மெலியும். ஒரு கிழமையில் கண்ணில் படாமல் போகலாம், அப்போதும் எடுக்க வேண்டாம். பரோ எறும்பின் முட்டை முழு எறும்பாக மாற ஐந்து ஆறு கிழமை வரை செல்லும். கூட்டில் மிஞ்சிய முட்டைகள் பொரிந்து வரும்போதும் பொறி அங்கே இருக்க வேண்டும்.

எங்கள் வெயிலில் சீனித்தண்ணி மூன்றாம் நாளே புளிக்கும், பஞ்சு அதற்கு முதலே காயும். புளித்ததை எறும்பு தொடாது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை பஞ்சையும் மாற்றிப் புதிதாக ஊற்றுங்கள். மருந்து பலிக்கவில்லை என்று சொல்லும் கடைகளில் போய்ப் பார்த்தால் கோப்பைக்குள் காய்ந்த பஞ்சுதான் இருக்கும். இல்லையென்றால் பொறிக்கு அரை மீற்றர் தள்ளி ரின்பால் ஒழுகின பேணி நிற்கும். இலவசமாக நல்ல சாப்பாடு கிடைக்கும்போது மருந்துத் தண்ணியை எந்த எறும்பும் தேடாது.

துப்புரவாக்கும் ஒழுங்கும் முக்கியம். சிந்தின சாப்பாட்டை எல்லாம் முதலே கழுவுங்கள், ஆனால் சுவரோரம் எறும்பு ஓடும் தடத்தை மட்டும் துடைக்காமல் விடுங்கள். அந்தத் தடத்தின் மணத்தைப் பிடித்துத்தான் கூட்டம் பொறிக்கு வரும். வரிசை நின்ற பிறகு, ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தடத்தையும் அழுத்தித் துடையுங்கள். வினாகிரியும் தண்ணியும் சமமாகக் கலந்தும் துடைக்கலாம். வினாகிரியைப் பிளீச்சோடு சேர்க்க வேண்டாம், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஜெல்

சிறிஞ்சில் வரும் எறும்பு ஜெல்லும் இதே தத்துவம்தான். மருந்து மட்டும் வேறு, பெரும்பாலும் பிப்ரோனில், இமிடாகுளோபிரிட், இன்டொக்சாகார்ப் போன்றவை மிகக் குறைந்த வீதத்தில். போரிக்கை விட விலை பலமடங்கு, ஆனால் கலக்கும் வேலையும் அளவு பிழைக்கும் ஆபத்தும் இல்லை. ஒரு பயறு அளவு சொட்டாகக் கதவு நிலை இடுக்கு, தைல் மூலை, சுவிட்ச் பெட்டிக்குக் கீழ் விளிம்பு என்று கோப்பை வைக்க முடியாத இடங்களில் வைக்கலாம். பரோ எறும்பு என்றால் மட்டும் போரிக்குக்கு முன் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

இரண்டு குறை உண்டு. அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாளில் தோல் கட்டிக் காய்ந்துவிடும். கரப்பான் ஜெல்லை எறும்புக்கும் போதும் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. இரண்டின் இரையும் வேறு, லேபலில் எறும்பு என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்பிறே அடித்த சுவரிலும் பிளீச் துடைத்த இடத்திலும் ஜெல்லை எறும்பு தீண்டாது.

மாத ஒப்பந்தம்

கொம்பனியைப் பிடித்தால் கவலை தீர்ந்தது என்பது வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. வந்து பத்து நிமிடம் சுவரோரம் அடித்துவிட்டுப் பில் தருகிறார்கள் என்றால், நீங்கள் செய்த ஸ்பிறே வேலையை அவர்கள் கூடுதல் காசுக்குச் செய்கிறார்கள். புகை அடிப்பது நுளம்புக்கு, சுவருக்குள் இருக்கும் எறும்புக் கூட்டுக்கு அது போகாது.

கையெழுத்திடுமுன் இவற்றைக் கேளுங்கள். எந்த இன எறும்பு என்று பார்த்துச் சொல்வீர்களா? உள்ளே பொறியா, ஸ்பிறேயா? மருந்தின் பெயரையும் பதிவையும் பில்லில் எழுதுவீர்களா? இரண்டு கிழமையில் திரும்ப வந்து பார்ப்பது கட்டணத்துக்குள் அடக்கமா? எந்த மூலையில் என்ன வைத்தோம் என்று ஒரு வரைபடம் தருவீர்களா? இதற்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். மண்டபச் சமையல், விடுதி, பல மாடிக் கட்டடம் என்றால் ஒப்பந்தம் பெறுமதியானதுதான், ஏனென்றால் அங்கே எறும்பு குசினியில் மட்டும் நிற்காது, ஒரே நேரத்தில் எல்லா அறையிலும் பொறி வைக்க ஆள் வேண்டும். ஒரு கதவுக் கடைக்கு அந்தக் காசு தேவையில்லை.

கொல்லாமல் மறிப்பது

சைவக் கடை நடத்தும் பலருக்கு எறும்பைக் கொல்ல மனம் வராது. அவர்களுக்கு மட்டுமல்ல, பொறி வைக்கும் எல்லாருக்கும் இந்தப் பகுதி வேண்டும், ஏனென்றால் பொறி இருக்கும் கூட்டைத்தான் தீர்க்கும், நாளைக்கு வரும் கூட்டை மறிப்பு மட்டும்தான் தடுக்கும்.

அலுமாரிக் கால்களைத் தண்ணிக் கிண்ணத்தில் வைப்பது எங்கள் வீடுகளின் பழைய வழி, இன்றும் பிழையில்லாமல் வேலை செய்வது. ஆனால் டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிட விரும்பும் இடங்களில் இந்தக் கிண்ணமும் ஒன்று. சூட்டுக் காலத்தில் முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை தண்ணியில் மிதக்காமல் கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால், தண்ணியை ஊற்றிவிட்டுப் புதிதாக விட்டால் மட்டும் போதாது. கிழமைக்கு இரண்டு தடவை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணியில் நாலைந்து சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். அந்தத் திரவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: வெறும் தண்ணியில் மாத்தூசியும் எண்ணெய்ப் படலமும் படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்து கடந்துவிடும், திரவம் விட்ட தண்ணி அதைத் தாங்காது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை, மழையும் டெங்குப் பரிசோதனையும் சேர்ந்து வரும் காலத்தில், கிண்ணத்தை எடுத்துவிட்டு வசிலினுக்கு மாறுவதே நல்லது.

மேசைக் காலைச் சுற்றி 4 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வசிலின் பூசினால் எறும்பு ஏறாது. மாவும் தூசியும் ஒட்டியதும் பலன் போய்விடும், கிழமைக்கு ஒரு தடவை துடைத்துப் பூச வேண்டும். ரொட்டி போடும் மேசைக்கு நாலு நாளுக்கு ஒரு தடவை.

இரண்டு வழியிலும் எல்லாரும் மறக்கிற ஒன்று கண்ணாடி அலுமாரியின் வயர். நாலு காலையும் பாதுகாத்துவிட்டு, பிளக்கிலிருந்து வரும் வயர் வழியாக எறும்பு சுகமாக ஏறுவதைப் பார்க்கலாம். வயரிலும் ஒரு விரல் அகலம் வசிலின் பூசுங்கள். அலுமாரியின் பின்பக்கம் சுவரில் முட்டாமல் குறைந்தது 5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். மேலே தொங்கும் கலண்டரோ திரைச்சேலையோ தொட்டாலும் அது பாலம்தான்.

மஞ்சள் தூள், கற்பூரம், உப்பு, வேப்பெண்ணெய் எல்லாம் வரிசையைச் சில மணித்தியாலம் திருப்பிவிடும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் வேண்டாம். மணம் பாணில் ஏறும், அடுப்பு இருக்கும் இடத்தில் நெருப்பும் பிடிக்கும்.

பழைய சுண்ணக்கல் சுவர்க் கட்டடங்களில் அடைப்பு வேலை கூட. வெளிச் சாந்து நன்றாக இருந்தாலும் உள்ளே கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், அங்கே கூடு வசதியாக இருக்கும். சாந்து தட்டிப் பார்த்து உரிந்த இடத்தை இடித்துப் புதிதாகப் பூச வேண்டும், மேலே வெள்ளையடிப்பது பலன் தராது. சிங்க் விளிம்புக்கும் தைலுக்கும் இடையே சிலிக்கோன், தண்ணிப் பைப் சுவரைத் துளைக்கும் இடத்துக்குச் சீமெந்து, தைல் இடுக்குக்குப் புதுப் பூச்சு. ஒரு மில்லிமீற்றர் இடைவெளியும் இந்தச் சின்ன எறும்புக்கு வாசல்தான். பொறி வேலை முடியும் முன் அடைக்க வேண்டாம். உள்ளே மாட்டினது வேறு பக்கத்தால், பல வேளை சாப்பாட்டு மண்டபத்துக்குள், வழி தேடும்.

வெளியில் கூரையைத் தொடும் வேம்பு, முருங்கை, மா கொப்புகளை வெட்டுங்கள். முசுறு மரத்தில் இருந்தால் இருக்கட்டும், கூரைக்கு வழி மட்டும் கொடுக்காதீர்கள். குசினி யன்னலோரம் நிற்கும் செவ்வரத்தை, பப்பாசி, கறிவேப்பிலையில் வெள்ளைப் பஞ்சுபோல மாப்பூச்சி பிடித்திருந்தால் அது கசியும் இனிப்பு நீருக்கு எறும்பு வரும், அங்கிருந்து யன்னலுக்கு ஒரு எட்டுத்தான். முதல் மழையில் நிலத்துக் கூட்டில் தண்ணி ஏறியதும் அவை மேட்டைத் தேடிக் கட்டடத்துக்கு வரும், ஆகவே வெளிவேலையைச் செப்ரெம்பருக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் காலத்தில் பிரச்சினை வேறு: தண்ணி தேடி வரும். பிறிட்ஜின் கீழ்த் தட்டு, குளிரூட்டி சொட்டும் இடம், ஈரத் துணி தொங்கும் கம்பி, இவற்றை இரவில் காய வையுங்கள்.

எந்தக் கடைக்கு எது

தேத்தண்ணிக் கடைக்கும் சின்னச் சாப்பாட்டுக்கடைக்கும் போரிக் கோப்பை, வசிலின், இரவுக் கழுவல் மூன்றும் போதும். சீனிக்குச் சுழற்றும் மூடிப் போத்தலை நம்பாதீர்கள், கோஸ்ட் ஆன்ட் புரிக்குள்ளாலேயே போகும், உள்ளே றபர் வளையம் உள்ள மூடியாக எடுங்கள். வெட்டின ரின்பாலை அதே ரின்னில் வைக்காமல் மூடிப் போத்தலுக்கு மாற்றுங்கள்.

இனிப்பு, பனங்கட்டி விற்கிறவர்களுக்குப் போரிக் சீனித்தண்ணி குறைவாகவே பயன்படும். குட்டானில் கட்டின பனங்கட்டி ஓலை இடுக்கால் மணக்கும்போது சீனித்தண்ணிக்கு ஏன் வரப்போகிறது? அங்கே முதலில் சரக்கை இறுக்கமான மூடிப் பெட்டிக்குள் மாற்றி, தட்டுகளைக் காலிலும் வயரிலும் மறித்து, அதற்குப் பிறகு சாமான் அறைக்கு வெளியே பொறி. கொத்து ரொட்டி, இறைச்சிக் கடைகளில் எண்ணெய்ச் சோதனையைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் ஜெல்லோ கச்சான் விழுதோதான் பொருந்தும். ரொட்டித் தட்டுக்குக் கீழே உறைந்த எண்ணெயும் மாவும்தான் அங்கே எறும்பின் களஞ்சியம், காஸ் அடுப்பு நொப்பைக் கழற்றினால் அதன் பின்னாலும் இருக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு கொப்பி வையுங்கள்: தேதி, எந்த இடம், என்ன மருந்து, அடுத்து மாற்றும் நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அவருக்கு வேண்டியது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சாப்பாடு சுத்தமாக இருக்கிறதா என்பதுதான். சாப்பாட்டில் எறும்பு கிடந்தால் கொப்பி காப்பாற்றாது. ஆனால் எங்கே என்ன நஞ்சு வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும், வேலையாள் மாறினாலும் பொறி எங்கே என்று தெரியும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குப் போடும் தற்காலிகக் கடைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் அப்படியே பொருந்தாது. ஆறு கிழமை காத்திருக்க நேரமில்லை, கூடும் உங்களுடைய வளவில் இல்லை. அங்கே மறிப்பு ஒன்றுதான் வழி: மேசையைத் துணிச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, மேசைத் துணி நிலத்தைத் தொடாமல் மடித்துக் குத்தி, நாலு காலுக்கும் வசிலின் பூசி, பாணிப் போத்தலை ஒரு தட்டில் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணிக்குள் வைத்து, இரவில் சீனியையும் பலகாரத்தையும் மூடிப் பெட்டிக்குள் ஏற்றிவிடுங்கள். மணலில் சிவத்த எறும்புக் கூடு இருந்தால் கடை போடுமுன்னரே இடத்தை மாற்றுங்கள். கொதிதண்ணி இரண்டு மூன்று தடவை ஊற்றினாலும் ஆழத்தில் இருக்கும் ராணி தப்பிவிடும், அந்த மண்ணில் வெறுங்காலோடு வரும் அடியார்களைக் குத்தவும் செய்யும்.